‘பணம் வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்த கவிஞருக்கு

தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியரும் கவிஞருமான வாசகர் ஒருவர் பதினொரு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

நாட்டுப்பாடல் தொகுப்புகளை வெளியிடும் ஒரு பதிப்பாளரோடு அவருக்கு 2013 முதல் கடிதத் தொடர்பு உண்டு. முதலில் அஞ்சலில், பிறகு வாட்ஸ்அப்பில். இத்தனை ஆண்டுகளில் 63 பாடல்களை அனுப்பியிருக்கிறார். அவற்றில் 22 பாடல்கள் அவருடைய அத்தையும் ஊரில் நடவுக்குப் போகும் பெண்களும் பாடியவை, கேட்டபடியே எழுதியவை. 27 பாடல்களில் விட்டுப்போன அடிகளை அவரே கட்டி நிரப்பியிருக்கிறார். மீதி 14, பழைய மெட்டில் முழுக்க அவரே எழுதியவை. 2017-இல் எழுதிய கடிதத்தில், “இவற்றைத் தங்கள் தொகுப்பில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம், பணம் பற்றிய பேச்சு நமக்குள் வேண்டாம், எல்லாம் சனங்களின் பாட்டு, அடியேன் அங்கங்கே ஒட்டுப்போட்டவன்” என்று குறிப்பிட்டிருக்கிறார். 2018-இல் 210 பாடல்கள் கொண்ட தொகுப்பு வந்தது. ஒரு சால்வை, 5,000 ரூபாய், 25 பிரதிகள் கிடைத்தன. பெயர் முன்னுரையில் ‘உதவியோர்’ பட்டியலில் மட்டும் இடம்பெற்றது. சென்ற ஆண்டு இரண்டாம் பதிப்பு வந்திருக்கிறது. பிரதி கைக்கு வந்தபோது “மகிழ்ச்சி, வாழ்த்துகள்” என்று பதிலும் அனுப்பியிருக்கிறார். அதன் பிறகுதான், தாம் எழுதிய மூன்று பாடல்களும் அத்தை பாடிய ஓர் ஒப்பாரியின் ஒலிப்பதிவும் ஓர் இசை நிறுவனத்தின் வழியாக யூடியூபில் வந்திருப்பதைப் பேரன் காட்டியிருக்கிறான். போதாதென்று, இருவருக்கும் இடையிலான கடிதங்களையும் நூலாக்கப் போவதாகப் பதிப்பாளர் அறிவித்திருக்கிறார்.

நாட்டுப்பாட்டு யாருக்கும் சொந்தமில்லை என்பதால் தமக்கு உரிமையே இல்லையா, பணம் வேண்டாம் என்று எழுதியதோடு எல்லாம் போய்விட்டதா, 63 பாடல்களையும் தம் பெயரில் பதிவு செய்துவிட்டுக் காவல்துறையில் புகார் கொடுக்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை படித்தபோது, நீங்கள் பதிப்பாளரின் மீது கொண்ட கோபத்தைவிட, 2017-இல் நீங்களே எழுதிய அந்த ஒரு வரிதான் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. ‘அடியேன் ஒட்டுப்போட்டவன்’ என்பது நம் மரபில் அவையடக்கம். நாளை நீதிமன்றத்தில் அது உங்கள் கையெழுத்தோடு கூடிய ஒப்புதல் வாக்குமூலமாக வாசிக்கப்படும். கவிஞர்கள் என்னிடம் கொண்டுவரும் தாள்களில் இப்படியொரு வாக்கியம் அநேகமாக எப்போதும் இருக்கிறது. இப்படி எழுதி மாட்டிக்கொண்டவர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை என்பதைச் சொல்ல, ஸ்காட்லாந்துக்கு ஒரு நடை போய்வர வேண்டியிருக்கிறது.

1792 செப்டம்பரில், எடின்பரோவில் அலுவலக எழுத்தராக இருந்த ஜார்ஜ் தாம்சன், டம்ஃப்ரீஸில் கலால் அதிகாரியாக இருந்த கவிஞர் ராபர்ட் பர்ன்ஸுக்குக் கடிதம் எழுதினார். பழைய ஸ்காட்டிஷ் மெட்டுகளைத் தொகுத்து வெளியிடப் போகிறேன், சொற்கள் சரியில்லாத மெட்டுகளுக்குப் பாட்டெழுதித் தர வேண்டும், உரிய தொகை தருகிறேன் என்றார். பர்ன்ஸ் உற்சாகமாக ஒப்புக்கொண்டார். ஆனால் என் பாடல்கள் விலைக்கு மேற்பட்டவை அல்லது விலைக்குக் கீழ்ப்பட்டவை, இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும், கூலி என்ற பேச்சே வேண்டாம் என்று எழுதிவிட்டார். முதல் பகுதி வெளிவந்தபின், 1793-இல், தாம்சன் ஐந்து பவுண்டு அனுப்பியபோது மனம் புண்பட்டு, இன்னொரு முறை இப்படிச் செய்தால் நமக்குள் உறவே இல்லை என்றார். மூன்றே ஆண்டுகள் கழிந்தன. 1796 ஜூலை 12 அன்று, நோய்ப்படுக்கையில், ஒரு துணிக்கடைக்காரரின் பாக்கிக்காகச் சிறைக்குப் போக நேருமோ என்ற அச்சத்தில், அதே பர்ன்ஸ் அதே தாம்சனிடம் ஐந்து பவுண்டு கேட்டு மன்றாடி எழுதினார். தாம்சன் உடனே அனுப்பினார். 21-ஆம் தேதி பர்ன்ஸ் இறந்தார்.

தாம்சனை வில்லனாக்கிப் பேசுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வேண்டாம் என்றவரிடம் திணிக்க அவரால் முடியவில்லை; ஹைடன், பீத்தோவன் போன்றோருக்குப் பணம் கொடுத்து மெட்டுகளுக்குப் பின்னணி இசை எழுதி வாங்கியவரும் அவர்தான். இங்கே நமக்கு வேண்டியது வேறொரு விஷயம். உலகமே புத்தாண்டு இரவில் பாடும் ‘ஆல்ட் லாங் சைன்’ பாட்டை 1793-இல் தாம்சனுக்கு அனுப்பியபோது, ஒரு முதியவர் பாடக் கேட்டு எழுதிக்கொண்டேன் என்றே பர்ன்ஸ் சொன்னார். அதில் எவ்வளவு பழையது, எவ்வளவு பர்ன்ஸுடையது என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். அவர்களுக்கு அது ஆராய்ச்சி. உங்களுக்கு, இருநூறு ஆண்டு காத்திராமல், இந்த மாதமே தீர்க்க வேண்டிய கணக்கு.

எது பொது, எது உங்களுடையது

நாட்டுப்பாட்டு யாருக்கும் சொந்தமில்லை என்பது பாதி உண்மை. தலைமுறைகளாக வாய்வழி வந்த பாடலுக்கும் மெட்டுக்கும் நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் தனி உரிமையாளர் கிடையாது. ஆகவே நீங்கள் கேட்டபடியே எழுதிய 22 பாடல்களின் மீது உங்களுக்குப் பதிப்புரிமை இல்லை, பதிப்பாளருக்கும் இல்லை. தேர்ந்தெடுத்து அடுக்கிய முறைக்காகத் தொகுப்பு என்ற அளவில் அவருக்கு உரிமை இருக்கலாம். அது தனித்தனிப் பாடல்களின் மீது படராது. முழுக்க நீங்கள் எழுதிய 14 பாடல்களின் சொற்கள், மெட்டு பழையதாகவே இருந்தாலும், உங்களுடையவை. உங்கள் ஆயுட்காலத்துக்கும் அதற்குப் பின் 60 ஆண்டுகளுக்கும் உங்களுடையவை.

சிக்கல் நடுவிலுள்ள 27 பாடல்களில்தான். அங்கே நீங்கள் சேர்த்த அடிகளுக்கு மட்டுமே உரிமை கோரலாம், அந்த அடிகளிலும் உங்கள் படைப்புத்திறன் ஓரளவாவது தெரிய வேண்டும். ‘ஏலேலோ’வை இன்னொரு முறை சேர்த்ததும், மறந்த ஒரு சொல்லை ஊகித்து நிரப்பியதும் அந்தக் கணக்கில் வராது. நாலடி போன இடத்தில் நாலடி கட்டியிருந்தால் வரும். உங்கள் களப்பணி நோட்டுகளில் கேட்டதை நீல மையிலும் சேர்த்ததைப் பென்சிலிலும் எழுதும் பழக்கம் உண்டு என்று போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்களே, அந்தப் பென்சில்தான் இந்த வழக்கில் உங்கள் முதல் சாட்சி. அவையடக்க வரிக்குப் பதில் சொல்லக்கூடியதும் அதுவே. மை மங்குவதற்குள் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வையுங்கள்.

63 பாடல்களையும் உங்கள் பெயரில் பதிவு செய்யும் யோசனையை இன்றே கைவிடுங்கள். முதலாவதாக, பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை. எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவுச் சான்று ஒரு துணைச் சாட்சி, அவ்வளவே. இரண்டாவதாக, உங்களுடையது அல்லாததை உங்களுடையதென்று பதிவேட்டில் ஏற்றச் செய்வது அச்சட்டத்தின்படியே குற்றம். நடவுப் பெண்களின் பாட்டைப் பதிப்பாளர் எடுத்துக்கொண்டார் என்று சொல்லும் நீங்கள், அதையே உங்கள் பெயரில் எழுதிக்கொண்டால் அவருக்கும் உங்களுக்கும் என்ன வேறுபாடு? 14 பாடல்களை மட்டும் பதிவு செய்ய விரும்பினால் செய்யுங்கள், தடையில்லை.

‘பணம் வேண்டாம்’ என்ற வரியின் எல்லை

உங்கள் அச்சம் இங்கே தேவைக்கு அதிகமாக இருக்கிறது. பணத்தை விட்டுக்கொடுப்பதும் உரிமையை விட்டுக்கொடுப்பதும் ஒன்றல்ல. பதிப்புரிமையை ஒருவருக்கு மாற்றித் தருவதென்றால் அது எழுத்தில், கையொப்பத்துடன், எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு என்ற விவரங்களுடன் இருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. ‘தங்கள் தொகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம்’ என்பது, என் கருத்தில், ஒரு நூலில் அச்சிடுவதற்கான அனுமதி. பாடல்களை விற்ற பத்திரமாக அதைப் படிக்க இயலாது. காலம் குறிப்பிடாத அனுமதிக்கு ஐந்தாண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே நிரப்பிக்கொள்கிறது. 2017-இல் தந்த அனுமதி 2022-இல் முடிந்திருக்க வேண்டும். சென்ற ஆண்டின் இரண்டாம் பதிப்பு அதற்குள் அடங்காது என்பது நமது வாதம்.

அந்த வாதத்தின் ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். “மகிழ்ச்சி, வாழ்த்துகள்” என்ற உங்கள் வாட்ஸ்அப் பதிலை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நிச்சயம் எடுத்து நீட்டுவார். இரண்டாம் பதிப்பை அறிந்து, மகிழ்ந்து ஏற்றார் என்பார். அதைக் கண்டு அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள். அது அவருடைய தொலைபேசியிலும் இருக்கிறது. அழித்தவர் என்ற பெயர் வாழ்த்தியவர் என்ற பெயரைவிட மோசமானது.

யூடியூப் ஒலிப்பதிவின் நிலை இதைவிடத் தெளிவானது. அச்சு நூலுக்குத் தந்த அனுமதி ஒலிவடிவத்துக்கு நீளாது. தமக்கே இல்லாத உரிமையைப் பதிப்பாளர் இசை நிறுவனத்துக்குக் கொடுத்திருக்க முடியாது. அந்த மூன்று பாடல்களும் உங்கள் 14-இல் அடங்குபவை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் கையில் இருப்பதிலேயே வலுவான சீட்டு இதுதான்.

சொல்லை மாற்றியது

‘வெள்ளன நான் எந்திரிச்சு வெங்கஞ்சி காச்சயில’ என்று நீங்கள் எழுதிய அடியை, ‘அதிகாலை நானெழுந்து வெங்கஞ்சி காய்ச்சுகையில்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். மோனை போயிற்று, ஊர் போயிற்று, பாடுகிற பெண்ணே போய்விட்டாள். வாசகியாக எனக்கும் ஆத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டம் உங்கள் காதால் கேட்காது. படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கும் சிறப்புரிமை, பதிப்புரிமையை விற்ற பிறகும்கூட, எழுதியவரிடமே இருக்கிறது; எனினும் அந்தச் சிதைவு எழுதியவரின் மதிப்புக்கோ புகழுக்கோ ஊறு செய்வதாக இருக்க வேண்டும். எழுத்துத்தமிழுக்கு மாற்றியது அச்சுத் திருத்தமே என்று பதிப்பாளர் சொல்ல இடமுண்டு. இந்த ஒன்றை மட்டும் வைத்து வழக்குக்குப் போக நான் சொல்ல மாட்டேன். பேச்சுவார்த்தையில், அடுத்த அச்சில் உங்கள் கையெழுத்துப் படியின்படியே வர வேண்டும் என்ற நிபந்தனையாக வைக்கலாம்.

பர்ன்ஸும் இதைப் பட்டவர்தான். மெட்டுகளில் ஒரு துளிகூட மாற்றக் கூடாது என்று 1793-இல் எழுதினார். அதே ஆண்டில் ‘ஸ்காட்ஸ் வா ஹே’ பாட்டை அனுப்பியபோது, மெட்டு சரியில்லை, வேறு மெட்டுக்குப் பொருந்தும்படி ஒவ்வொரு கண்ணியின் கடைசி அடியையும் நீட்டித் தாருங்கள் என்று தாம்சன் கேட்டார். கவிஞர் இணங்கினார். மேலும் திருத்தங்கள் கேட்கப்பட்டபோதுதான், இனி மாற்ற முடியாது என்று நின்றார். பர்ன்ஸ் இறந்தபின் தாம்சன் தாம் விரும்பிய மெட்டிலேயே வெளியிட்டார். பிறகு அவரே தவறை உணர்ந்து கவிஞரின் மெட்டுக்குத் திரும்பினார்.

பெயர் விஷயம் வேறு. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலையின் நாட்டுப்பாடல் தொகுப்பைப் புரட்டினால், பாடல்களின் கீழே ‘உதவியவர்’, ‘சேகரித்தவர்’, ‘இடம்’ என்று தனித்தனியாகக் குறித்திருப்பதைக் காணலாம். அரை நூற்றாண்டுக்கு முன்பே நம்மிடம் இருந்த நல்ல வழக்கம் இது. உங்கள் 14 பாடல்களுக்கு ‘இயற்றியவர்’ என்றும், 27-க்கு ‘சேகரித்து நிறைவு செய்தவர்’ என்றும், 22-க்கு ‘சேகரித்தவர்’ என்றும் கேளுங்கள். முதலாவது உங்கள் சட்ட உரிமை. மற்ற இரண்டையும் துறையின் மரபு என்று சொல்லிக் கேட்கலாம்.

கடிதங்கள் யாருடையவை

கடிதங்கள் அவரிடம் இருப்பதால் அவற்றை வெளியிடும் உரிமையும் அவருடையது என்று நினைத்திருக்கிறீர்கள். தாள் அவருடையது, அதிலுள்ள எழுத்து உங்களுடையது. 1741-இலேயே இங்கிலாந்தில், கவிஞர் அலெக்சாண்டர் போப் தம் கடிதங்களை அனுமதியின்றி அச்சிட்ட எட்மண்ட் கர்ல் என்ற பதிப்பாளர் மீது தொடுத்த வழக்கில் இந்தக் கோடு கிழிக்கப்பட்டுவிட்டது. நம் சட்டமும் அதே வழியில்தான் போகிறது. உங்கள் அனுமதியின்றி உங்கள் கடிதங்களை அவர் நூலாக்க முடியாது. அதே காரணத்தால், கோபத்தில் அவருடைய கடிதங்களை நீங்கள் முகநூலில் போட முடியாது. நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டுவதற்கு மட்டும் தடையில்லை.

நூலாவதையே எதிர்க்க வேண்டுமா என்று யோசித்துப் பாருங்கள். எந்தப் பாட்டில் எந்த அடி உங்களுடையது என்பதற்கு அந்தக் கடிதங்கள்தான் ஊர் அறிந்த ஆதாரமாக நிற்கும். முழுமையாக, வெட்டாமல், உங்கள் பார்வைக்குப் பிறகு வரட்டும் என்று நிபந்தனை வையுங்கள். வெட்டாமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன்: 1800-இல் பர்ன்ஸின் எழுத்துகள் நான்கு தொகுதிகளாக வந்தபோது தாம்சனோடு நடந்த கடிதப் போக்குவரத்தும் அதில் இடம்பெற்றது, தாம்சன் தரப்புக் கடிதங்கள் அவரே திருத்திக் கொடுத்த வடிவில்தான் இன்று நமக்குக் கிடைக்கின்றன.

காவல் நிலையமா, நீதிமன்றமா

தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை என்று சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆயினும் உங்கள் கையெழுத்திலேயே அனுமதிக் கடிதம் இருக்கும் நிலையில், ‘தெரிந்தே’ என்பதை நிறுவுவது கடினம். பன்னிரண்டு ஆண்டு நட்பும் முதல் நாளிலேயே முறியும். உரிமையியல் வழக்கை நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம். சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. மீறல் நடந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் தொடுக்க வேண்டும் என்ற கெடுவை மட்டும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் கணக்கையும் பார்த்துவிடுவோம். நூலின் விலை 300 ரூபாய், இரண்டாம் பதிப்பு 600 பிரதி என்கிறீர்கள். தமிழ்ப் பதிப்புலகில் வழக்கமாகப் பேசப்படும் பத்து விழுக்காடு ராயல்டி என்றால், எல்லாப் பிரதியும் விற்றாலும் 18,000 ரூபாய். 210 பாடல்களில் உங்கள் எழுத்து கலந்தவை 41. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஆக 3,600 ரூபாய். ஒரு நாள் வழக்கறிஞர் செலவுக்குக் காணாது. எனவே அச்சுக்காகப் பணம் கேட்டு மல்லுக்கட்டுவதில் பொருளில்லை. பெயர், நீங்கள் எழுதியபடியே பாடல் வரிகள், ஒலியுரிமை, கடித நூல் ஆகிய நான்கையும் கேளுங்கள். ஒலிவடிவத்தில் வரும் வருவாய்க்கு மட்டும் எழுத்தில் பங்கு கேளுங்கள்.

வழக்கறிஞர் நோட்டீஸாக இல்லாமல், உங்கள் கையெழுத்திலேயே ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சலில் ஒரு கடிதம் போகட்டும். 41 பாடல்களின் பட்டியலை இணைத்து, 2017 அனுமதி அந்த ஒரு நூலுக்கு மட்டுமே என்றும், இனி எந்த வடிவத்துக்கும் எழுத்துமூல ஒப்பந்தம் வேண்டும் என்றும், 30 நாளில் பதில் வேண்டும் என்றும் எழுதுங்கள். ‘அடியேன்’ வேண்டாம். பதில் வராவிட்டால் நோட்டீஸ், அதன்பின் சமரச மையம், அதற்கும் அப்பால்தான் வழக்கு.

கடைசியாக, நீங்கள் இரண்டே வரியில் கடந்துபோன ஒன்று: அந்த ஒப்பாரி. ஒப்பாரியில் மரபான அடிகள் பாதி என்றால், இறந்தவரைப் பார்த்து அங்கேயே கட்டும் அடிகள் பாதி. அப்படிக் கட்டியவர் உங்கள் அத்தை என்றால் அந்த அடிகளின் ஆசிரியர் அவர்தான். கட்டாவிட்டாலும், பாடியவர் என்ற முறையில் நிகழ்த்துகலைஞரின் உரிமை அந்த ஒலிப்பதிவின் மீது அவருக்கு 50 ஆண்டுகள் உண்டு. ஆய்வுக்காக நீங்கள் பதிவு செய்தபோது தந்த இசைவு, இசை நிறுவனம் விற்பதற்குத் தந்த இசைவாகாது. உண்மையில், அந்த ஒலிநாடாவைப் பதிப்பாளருக்கு அனுப்புமுன் நீங்களும் அவரைக் கேட்டதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. அவருக்கு இப்போது 81 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். பதிப்பாளருக்குக் கடிதம் எழுத உட்காருமுன் அவரிடம் போய், யார் இறந்தபோது பாடியது, எந்த அடி அவர் கட்டியது, அது ஊரெல்லாம் கேட்பதில் அவருக்குச் சம்மதமா என்று கேளுங்கள். சம்மதமில்லை என்றால், உங்கள் பட்டியலில் முதல் கோரிக்கை அதை நீக்கச் சொல்வதாகவே இருக்க வேண்டும்.